அரிஸ்டாட்டிலும் 'பிரசிடெண்ட்' வீட்டுக்காரரும்

போடிநாயக்கனூர் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய், "பிரசிடெண்ட் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். வழி சொல்வார்கள். கதவைத் தட்டினால் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் வெளியே வந்து, "சொல்லுங்க, என்ன விஷயம்?" என்பார். ஊராட்சி மன்றப் பலகையில் தலைவர் என்று எழுதியிருப்பதோ அவருடைய மனைவியின் பெயராக இருக்கும். அந்த அம்மா உள்ளே அடுப்படியில் இருப்பார், இல்லையென்றால் வேலைக்குப் போயிருப்பார்.

எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்தக் காட்சி தமிழ்நாட்டில் யாருக்கும் புதுசும் இல்லை. வட இந்தியாவில் இப்படிப்பட்ட கணவருக்கு 'சர்பஞ்ச் பதி' என்று தனியாக ஒரு பேரே இருக்கு. நாம் பேர் வைக்கிற சிரமம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அவரையே 'பிரசிடெண்ட்' என்று கூப்பிட்டுவிடுகிறோம்.

இதுக்கும் பழைய கிரேக்கத் தத்துவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சுமார் 2,300 வருஷத்துக்கு முன்னால் அரிஸ்டாட்டில் பெண்களைப் பற்றி ஒரு சொல் எழுதினார். அந்தச் சொல்லை வைத்து இந்தக் காட்சியைப் பார்த்தால், இதுவரை கண்ணில் படாத ஒன்று படுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு நகைச்சுவை நாடகம்

ஏதென்ஸை ஜனநாயகத்தின் தாய்வீடு என்கிறோம். அந்த ஜனநாயகத்தில் பெண்களுக்கு ஓட்டு இல்லை, மக்கள் மன்றத்தில் பேச்சு இல்லை, பதவி இல்லை. கோயில் பூசாரிப் பொறுப்புகள் மட்டும் இருந்தன. சட்டத்தின் முன்னால் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு ஆண் பொறுப்பாளர் உண்டு. கல்யாணத்துக்கு முன் அப்பா, பிறகு கணவர், அவர் போனால் மகனோ அண்ணன் தம்பியோ. அந்தப் பொறுப்பாளருக்குக் கிரேக்கத்தில் 'கூரியோஸ்' என்று பேர். அதிகாரம் உள்ளவர் என்று அர்த்தம். ஒரு மெடிம்னோஸ் பார்லிக்கு மேல் மதிப்புள்ள எந்த ஒப்பந்தத்தையும் ஒரு பெண் தன் பேரில் செய்ய முடியாது என்று சட்டமே இருந்தது. மெடிம்னோஸ் என்பது சுமார் 50 லிட்டர் கொள்கிற அளவு. மூட்டை பார்லிக்கு மேலே போனால் கூரியோஸ் வர வேண்டும்!

அரிஸ்டாஃபனீஸ் கி.மு. 391 வாக்கில் ஒரு நாடகம் போட்டார். பிராக்ஸகோரா என்ற பெண்ணின் தலைமையில் ஏதென்ஸ் பெண்கள் ஒட்டுத்தாடி வைத்து, புருஷன்மாருடைய உடுப்பைப் போட்டுக்கொண்டு, விடியற்காலையில் மக்கள் மன்றத்துக்குள் நுழைந்து, ஆட்சியைப் பெண்களிடம் ஒப்படைக்கத் தீர்மானம் போட்டுவிடுவார்கள். பெண்கள் ஆளுவது என்பதே அந்த ஊரில் நல்ல நகைச்சுவை.

இந்தச் சிரிப்பைத் தெரிந்துகொண்டேதான் சில வருஷம் கழித்து பிளேட்டோ 'குடியரசு' நூலின் ஐந்தாம் பகுதியை எழுதினார். ஊர் சிரிக்கும் என்று சாக்ரடீஸ் அங்கே முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்.

வழுக்கைத்தலைச் செருப்புத் தொழிலாளி

பிளேட்டோவின் வாதம் ரொம்ப எளிமையானது. காவல் நாய் வளர்க்கிறோம். பெட்டை நாய் குட்டி போடுகிறது என்பதற்காக அதைக் கொட்டகைக்குள் கட்டிப்போட்டு, கடுவனை மட்டும் ஆட்டு மந்தைக்குக் காவல் அனுப்புகிறோமா? இரண்டையும்தானே அனுப்புகிறோம். அப்படியானால் நாட்டைக் காக்கிற வேலைக்கு மட்டும் ஏன் பாதிப் பேரை ஒதுக்க வேண்டும்?

ஆணும் பெண்ணும் இயல்பிலேயே வேறு வேறுதானே என்று எதிர்க்கேள்வி வரும். அதற்கு அவர் சொல்லும் பதில்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வழுக்கைத் தலைக்காரருக்கும் முடி உள்ளவருக்கும்கூட வித்தியாசம் இருக்கிறது. அதனால் வழுக்கைத் தலையர் செருப்புத் தைத்தால் முடி உள்ளவர் தைக்கக் கூடாது என்று சட்டம் போடுவோமா? வித்தியாசம் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. அந்த வித்தியாசம் இந்த வேலைக்குப் பொருட்டா என்பதே கேள்வி. பெண் பிள்ளை பெறுகிறாள், ஆண் பெறுவதில்லை. ஆட்சி செய்ய அது எப்படித் தடை?

பிளேட்டோவைப் பெண்ணியவாதி என்று தூக்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. அதே பக்கங்களில், எல்லா வேலையிலும் பெண்கள் பொதுவாகக் கொஞ்சம் வலுக்குறைவு என்றும் எழுதுகிறார். அவர் பேசுவது ஆளும் வகுப்பைச் சேர்ந்த பெண்களைப் பற்றி மட்டும்தான். குடும்பத்தையும் பிள்ளைகளையும் பொதுவாக்க வேண்டும் என்பது அவருடைய பயமுறுத்துகிற யோசனை.

ஆனால் அந்த யோசனைக்கு நடுவே ஒரு சின்ன விவரம் இருக்கிறது. பிள்ளைகளை வளர்க்கத் தனி ஆட்கள் இருப்பார்கள், ராத்திரி கண்விழிக்கிற வேலையையும் செவிலியர் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார். ஒரு பெண் ஆட்சி செய்ய வேண்டுமானால் அவள் வீட்டு வேலையை யார் செய்வது என்ற கேள்வி பிளேட்டோவுக்குத் தோன்றியிருக்கிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

வயதான காலத்தில் எழுதிய 'சட்டங்கள்' நூலில் குடும்பமும் சொத்தும் திரும்பி வந்துவிடுகின்றன. அங்கேயும் பெண்களுக்குப் பதவி உண்டு. ஆனால் ஆண் 30 வயதில் பதவிக்கு வரலாம், பெண் 40 வயதில்தான் வரலாம். பிள்ளை வளர்ப்பு முடிகிற வயது என்று கணக்குப் போட்டாரோ என்னவோ.

அந்த ஒரு சொல்

அரிஸ்டாட்டில் பிளேட்டோவின் கல்விக்கூடத்தில் சுமார் 20 வருஷம் இருந்தவர். தன் 'அரசியல்' நூலின் முதல் பகுதியில் அவர் இப்படிப் பிரிக்கிறார். யோசித்து முடிவெடுக்கும் திறன் அடிமைக்கு இல்லவே இல்லை. குழந்தைக்கு இருக்கிறது, ஆனால் முழுசாக வளரவில்லை. பெண்ணுக்கு இருக்கிறது, ஆனால் அது 'அக்கூரோன்'.

'கூரியோஸ்' என்றால் அதிகாரம் உள்ளவர் என்று மேலே பார்த்தோமே, அந்தச் சொல்லின் எதிர்ப்பதம்தான் இது. அதிகாரம் இல்லாதது, செல்லுபடி ஆகாதது என்று பொருள். ரத்தான தீர்மானத்தையும் செல்லாமல் போன சட்டத்தையும் குறிக்கிற சொல். யோசிக்கும் திறனுக்கு அவர் பயன்படுத்தும் சொல்லும், ஏதென்ஸின் 500 பேர் கொண்ட சபைக்கான 'பூலே' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அதாவது, பெண்ணுக்குள்ளேயும் ஒரு சபை கூடுகிறது, விவாதம் நடக்கிறது, தீர்மானமும் போடப்படுகிறது. ஆனால் அந்தத் தீர்மானம் செல்லாது.

செல்லாது என்று சொல்வது யார்? இங்கேதான் அறிஞர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஒரு தரப்பு, பெண்ணின் மனசுக்குள்ளேயே அறிவு சொல்வதை உணர்ச்சி கேட்பதில்லை என்று அரிஸ்டாட்டில் நினைத்தார் என்கிறது. இன்னொரு தரப்பு, அவள் சொல்வதை வெளியே இருக்கிற ஆண்கள் ஏற்பதில்லை, அதைத்தான் அவர் குறிப்பிடுகிறார் என்கிறது. முதலாவது சரியென்றால் குறை பெண்ணிடம். இரண்டாவது சரியென்றால் குறை கேட்கிறவனிடம். அரிஸ்டாட்டில் ஒரே ஒரு சொல்லோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டதால் இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

அவர் மனசில் எது இருந்தது என்பதை விடுங்கள். நம் ஊரில் எது நடக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

பதவி ஒரு பக்கம், அதிகாரம் ஒரு பக்கம்

போடி ஒரு காலத்தில் மதுரை நாயக்கர்களுக்குக் கீழே இருந்த பாளையம். அந்த மதுரையை 1689-லிருந்து சுமார் பதினைந்து வருஷம் நடத்தியவர் ராணி மங்கம்மாள். படை அனுப்பினார், சமரசம் பேசினார், சாலை போட்டார். தென் மாவட்டங்களில் இன்னும் 'மங்கம்மாள் சாலை' என்ற பேர் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் சிம்மாசனம் அவருடையது இல்லை. பேரன் விஜயரங்க சொக்கநாதனின் பேரில்தான் ஆண்டார். அதிகாரம் அவரிடம், பட்டம் சின்னப் பிள்ளையிடம்.

இப்போது 300 வருஷம் தாண்டி வாருங்கள். 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சிப் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றது. தமிழ்நாட்டில் அதன்படி முதல் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. 2016-இல் அந்தப் பங்கை 50 சதவீதமாக உயர்த்தி இங்கே சட்டம் வந்தது. 2019 டிசம்பரில் நடந்த ஊரகத் தேர்தல் இந்தக் கணக்கின்படிதான். அப்போது தமிழ்நாட்டில் 12,500-க்கு மேல் கிராம ஊராட்சிகள். அதில் பாதியின் தலைவர் நாற்காலி பெண்களுக்கு. பிளேட்டோ கனவு கண்டது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய காவலர் பெண்கள். இங்கே சட்டம் போட்டுக் கொண்டுவந்தது ஆயிரக்கணக்கான சாதாரணப் பெண்களை.

ஆனால் மங்கம்மாளின் நிலைமை இங்கே பல இடங்களில் தலைகீழாகிவிட்டது. பட்டம் பெண்ணிடம், அதிகாரம் கூரியோஸிடம். கிராம சபையில் மைக்கைப் பிடிப்பது அவர். ஒப்பந்தக்காரர் பேசுவது அவரிடம். கையெழுத்துப் போடும் நேரத்தில் மட்டும் நோட்டு அடுப்படிக்குப் போகும்.

கையெழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவர் பதவிக்கு இட ஒதுக்கீடு கிடையாது. தலைவர் ஒரு பட்டியல் சாதிப் பெண், துணைத் தலைவர் ஊரில் செல்வாக்குள்ள ஒரு ஆண் என்றால் என்ன ஆகும்? அவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தால் குழாய் ரிப்பேருக்குக்கூடப் பணம் எடுக்க முடியாது. இப்படிப்பட்ட புகார்கள் பல மாவட்டங்களில் செய்தியாக வந்திருக்கின்றன. அந்தத் தலைவியின் மனசுக்குள் அறிவு உணர்ச்சிக்கு அடங்கியதாலா அவர் தீர்மானம் செல்லவில்லை? எதிரே இருக்கிறவர் பேனாவை எடுக்கவில்லை, அவ்வளவுதான். 'அக்கூரோன்' என்பதன் இரண்டாவது விளக்கத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

தன் யோசனையைச் செல்லுபடியாக்கியே தீருவேன் என்று நின்றவர்கள் கொடுத்த விலையும் நம் கண்முன் இருக்கிறது. 1996 தேர்தலில் மதுரை மாநகராட்சிக்கு வில்லாபுரத்திலிருந்து ஜெயித்த லீலாவதி, நெசவுத் தொழிலாளிக் குடும்பத்துப் பெண். தண்ணீரை விற்றுக் காசு பார்த்தவர்களை எதிர்த்து, குழாயில் தண்ணீர் வர வைத்தார். 1997 ஏப்ரலில் நடுத்தெருவில் வெட்டிக் கொன்றார்கள். செல்லாத வார்த்தைக்காக யாரும் யாரையும் கொல்ல மாட்டார்கள். அவருடைய வார்த்தை செல்லத் தொடங்கியதுதான் காரணம்.

மேல்மட்டத்துக் கதை வேறு. இதே போடி தொகுதிதான் 1989-இல் ஜெயலலிதாவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது; தமிழ்நாட்டின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவர் போடி எம்எல்ஏ. இரண்டு வருஷத்தில் முதலமைச்சரும் ஆனார். அவர் வார்த்தை செல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பெண் உச்சியில் இருப்பதால் மற்ற பெண்களுக்கு வழி திறந்துவிடுவதில்லை. 2021-இல் 234 பேர் கொண்ட சட்டமன்றத்துக்குப் போன பெண்கள் 12 பேர்தான்.

மெட்டுக்கு மேலே

போடியிலிருந்து முந்தல் வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளம்; ஏலத்தோட்டம், அப்புறம் மூணாறு தேயிலை. விடியறதுக்கு முன்னாடியே சோத்து வாளியோடு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து இந்தப் பக்கத்துப் பெண்கள் மலையேறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏலக்காய் எல்லாம் ஒரே நாளில் முற்றாது. செடியின் அடியில் குனிந்து, எது முற்றியது, எது இன்னும் பிஞ்சு என்று பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை யோசித்து முடிவெடுக்கிற வேலை அது. இந்தக் காய் எந்த விலைக்குப் போகும், எடுத்த கைக்கு என்ன கூலி என்பது மட்டும் அந்தக் கைகள் இல்லாத இடத்தில் முடிவாகும்.

2015 செப்டம்பரில் மூணாறில் அது கொஞ்ச நாளைக்கு மாறியது. முந்தைய வருஷம் 19 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைந்தது. தேயிலை எடுக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பேர் வைத்தார்கள். அவர்கள் கோபம் கம்பெனியோடு நிற்கவில்லை. இத்தனை வருஷமாகத் தங்கள் பேரில் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்த ஆண் தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்டே விடவில்லை. சங்கத்துக்குச் சந்தா கட்டுவது நாங்கள், முடிவெடுப்பது நீங்களா என்ற கேள்வி அது. கூரியோஸையே வெளியே போகச் சொன்னார்கள்.

ஒன்பது நாளில் போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் என்று முடிவானது. அதற்கடுத்து நடந்த கூலிப் போராட்டத்தில் தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. அவர்கள் கேட்டது 500. அந்த நவம்பரில் நடந்த கேரள உள்ளாட்சித் தேர்தலில் தலைவிகளில் ஒருவரான கோமதி தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்கு ஜெயித்தார். பிறகு அந்த அமைப்பு உள்சண்டையில் உடைந்து பலம் இழந்தது என்பதும் உண்மை. ஆனாலும் செப்டம்பர் மாதத்து அந்த ஒன்பது நாள் ஒரு விஷயத்தை நிரூபித்துவிட்டது. அந்தப் பெண்களின் இயல்பு ஒரே வாரத்தில் மாறிவிடவில்லை. முன்னாடி கேட்காதவர்கள் கேட்க வேண்டிய கட்டாயம் வந்தது.

அடுப்படிக் கேள்வி

இதைப் புள்ளிவிவரமாகவும் பார்த்திருக்கிறார்கள். ராகவேந்திர சட்டோபாத்யாய, எஸ்தர் டஃப்லோ இருவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் பெண் தலைவர் இருந்த ஊராட்சிகள் குடிதண்ணீருக்குக் கூடுதலாகச் செலவழித்ததாகக் கண்டார்கள். குடத்தைத் தூக்குகிறவர் நாற்காலியில் உட்கார்ந்தால் குழாய் வருகிறது. 2009-இல் டஃப்லோ உட்பட ஐந்து பேர் சேர்ந்து வெளியிட்ட இன்னொரு ஆய்வில் ஒரே பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரையே பார்க்காத ஊரில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். பெண் தலைமையைப் பார்த்துப் பழகிய ஊரில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. கேட்கிற காதுதான் பழக வேண்டியிருக்கிறது.

அப்படியானால் 'வீட்டுக்காரர் பிரசிடெண்ட்' பிரச்சினை காலப்போக்கில் தானாகத் தீர்ந்துவிடுமா? எனக்குச் சந்தேகம். 2023-இல் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், ஒன்றிய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் இதை ஆராயக் குழுவும் அமைத்தது. கணவர்களைத் தண்டிப்பது, தலைவிகளுக்குப் பயிற்சி கொடுப்பது என்றெல்லாம் பேச்சு வருகிறது. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் பிளேட்டோவுக்குத் தோன்றிய அந்தச் சின்னக் கேள்வி எங்கேயும் காணோம். காலையில் நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி, பிள்ளையைக் கிளப்பி, கூலி வேலைக்குப் போய், சாயங்காலம் திரும்புகிற ஒரு பெண் எந்த நேரத்தில் ஊராட்சி வரவு செலவைப் படிப்பார்? ஒன்றிய அலுவலகத்தில் பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் என்றால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் போவார்? வீட்டில் எப்போதும் இருக்கிற, பைக் ஓட்டத் தெரிந்த, நேரம் உள்ள ஒருவர் போவார். அதிகாரம் அவரிடம் போய்ச் சேர ஆசை மட்டும் காரணம் இல்லை. நேரமும் ஒரு காரணம்.

பிளேட்டோ அதற்குக் கொடுத்த விடை நமக்கு வேண்டாம். குடும்பத்தையே ஒழிக்கச் சொன்னவர் அவர், ராத்திரி விழிக்கிற செவிலிப் பெண்களைப் பற்றி ஒரு வரிக்கு மேல் கவலைப்படாதவர். ஆனால் கேள்வி சரியான கேள்வி. நாம் நாற்காலியைக் கொடுத்தோம், அடுப்பை அப்படியே விட்டுவிட்டோம். தலைவருக்கு வாழத்தக்க ஒரு சம்பளம், கூட்ட நேரம், அலுவலகத்துக்குப் போய்வர வண்டி, ஒற்றைக் கையெழுத்தால் நின்றுபோகாத காசோலை: பார்த்தால் சில்லறை விஷயங்கள். ஆனால் ஒரு பெண்ணின் தீர்மானம் செல்லுமா செல்லாதா என்பது இவற்றில்தான் முடிவாகிறது.

அடுத்த தடவை ஏதாவது கிராமத்தில் "பிரசிடெண்ட்" என்று யாராவது வெளியே வந்தால், "உங்க வீட்டம்மாதானே பிரசிடெண்ட்? அவங்களைப் பார்க்கணும்" என்று சொல்லிப் பாருங்கள். கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். பரவாயில்லை, காத்திருங்கள்.